பால் மலையின் அடிவாரத்தில் பாலில்லாச் சமையல்

வரைபடத்தில் இத்தாலி நாட்டைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட காலணி ஒன்று மத்தியதரைக் கடலில் கால் நீட்டியது போலக் கிடக்கும். அந்தக் காலணியின் மேற்பாதியில் மாடுகள் மேயும் பச்சைச் சமவெளி. அங்கே சமையல் வெண்ணெயில் தொடங்கிப் பாலாடைக்கட்டியில் முடியும். கீழ்ப்பாதியோ வெயில் காயும் கல்நிலம். அங்கே ஆலிவ் எண்ணெய், தக்காளி, பூண்டு, மீன், கடின கோதுமை. நாம் இன்று போகப் போவது அந்தக் கீழ்ப்பாதிக்குத்தான்.

ஏன் அங்கே போகவேண்டும்? காரணம் நம் வீட்டு அடுப்படியில் இருக்கிறது.

பாஸ்தா இன்று நமக்குப் புதிய பண்டமல்ல. பேரங்காடியில் அரிசிப் பைகளுக்கு அடுத்த வரிசையிலேயே ஸ்பெகெட்டியும் மக்ரோனியும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள். ஆனால் கடைகளில் அது பெரும்பாலும் பாலாடையும் பாலாடைக்கட்டியுமாக வழிய வழிய வருகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. எல்லாருக்கும் ஒரு சட்டி, அவருக்கு மட்டும் ஒரு சட்டி. “நீ இதைத் தொடாதே, வயிறு கெடும்” என்று மேசையில் வைத்துச் சொல்லக் கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். மாலை ஆறு மணிக்கு வேலை விட்டு வந்து, ஏழரைக்குள் பிள்ளைகளைப் பள்ளிப்பாடத்தின் முன் உட்கார வைக்கவேண்டிய தாய்க்கு இரண்டு சட்டி என்பது இரட்டை வேலை.

இது அபூர்வமான குறை என்றும் எண்ணிவிட வேண்டாம். பாலில் லாக்டோஸ் என்றொரு சர்க்கரை உண்டு. அதைச் செரிக்கும் ஆற்றல் பிள்ளைப் பருவத்துக்குப் பின் குறைந்து போவது உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் இயல்பு. ஆசிய மக்களிடையே இது இன்னும் கூடுதல். ஆகவே பாலில்லாமல் ருசியாக ஒரு சட்டி பாஸ்தா வைப்பது எப்படி என்பது நம்மில் பலருக்குத் தேவையான செய்தி. அதற்கு விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தென்னித்தாலியில் பல தலைமுறையாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. வாருங்கள்.

ரவையும் தண்ணீரும்

நேபிள்ஸ் நகரில் சிர்கும்வெசுவியானா என்னும் ரயில் உண்டு. வெசுவியஸ் எரிமலையைச் சுற்றிக்கொண்டு கடலோரமாகப் போகும். கி.பி. 79-இல் அந்த மலை கக்கிய சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரத்தைத் தாண்டியதும் கஸ்தெல்லமாரே என்ற துறைமுக ஊர் வரும். அங்கிருந்து சில கிலோமீட்டர் மேலேறினால் கிரஞ்ஞானோ. உலகத்துப் பாஸ்தாப் பிரியர்களுக்கு இவ்வூர் ஒரு திருத்தலம்.

ஊருக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலைத்தொடருக்கு ‘லத்தாரி மலைகள்’ என்று பெயர். பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பழைய உரோமர் காலத்திலேயே அம்மலையில் மேயும் ஆடுமாடுகளின் பால் மருந்துக்கு நிகர் என்று பேர் வாங்கியிருந்தது. அந்தப் பால் மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு துளிப் பால் சேர்க்காமல் பாஸ்தா செய்து உலகுக்கு அனுப்பும் ஊர் கிரஞ்ஞானோ. வேடிக்கைதான், அல்லவா?

செய்முறை மிக எளிது. கடின கோதுமையை அரைத்த ரவை, தண்ணீர். அவ்வளவுதான். முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை, பால் இல்லை. பிசைந்த மாவை வெண்கல அச்சில் இட்டுப் பிழிகிறார்கள். நம் இடியாப்ப உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை ஒன்றுதான், அளவுதான் பெரிது. வெண்கல அச்சில் பிழிந்த பாஸ்தாவின் மேற்பரப்பு வழவழப்பாக இராது. மாவு படிந்தது போலச் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் குழம்பு பற்றிக்கொள்ளும்.

மலையிலிருந்து இறங்கும் ஓடையின் கரையில் பழைய நீராலைகள் இன்றும் இடிந்த நிலையில் நிற்கின்றன. ‘ஆலைகளின் பள்ளத்தாக்கு’ என்று அதற்குப் பெயர். அங்கே கோதுமை அரைபட்டது. ஊரின் நடுத் தெருவில் பாஸ்தா காய்ந்தது. வீடுகளுக்கு முன்னே கழிகளை வரிசையாக நட்டு, ஸ்பெகெட்டியை மஞ்சள் நூல்சேலை போலத் தொங்கவிட்டிருக்கும் பழைய புகைப்படங்களை நீங்கள் காணலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது. நம் பக்கத்தில் மூங்கில் கழியில் ரப்பர்த் தகடு தொங்கியது. அங்கே பாஸ்தா தொங்கியது. கடற்காற்றும் மலைக்காற்றும் மாறி மாறி வீசிக் காயவைத்தன.

இன்று தெருவில் காய்வதில்லை. தொழிற்சாலை அறைகளில் காய்கிறது. ஆனாலும் ஊர்ப் பெயருக்கு மதிப்புக் குறையவில்லை. ‘கிரஞ்ஞானோ பாஸ்தா’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் காப்பு வழங்கியது. அந்த ஊரில், அந்த முறையில் செய்யாத எதற்கும் அப்பெயரை இடக்கூடாது. இத்தாலி முழுமைக்கும் 1967-இல் ஒரு சட்டம் வந்தது. உலர்ந்த பாஸ்தாவைக் கடின கோதுமை ரவையும் தண்ணீரும் கொண்டே செய்யவேண்டும் என்பது அதன் விதி.

இதில் நமக்குள்ள செய்தி என்ன? பால் என்பது பாஸ்தாவின் பிறவிக் குணம் அல்ல. மேலே பூசிய அலங்காரம். அலங்காரத்தைக் கழற்றினால் ஆள் குறைந்து போவதில்லை.

குருணையும் பயறும்

நேபிள்ஸ் எருமைப்பால் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன பக்கம்தான். மறைப்பானேன்? ஆனால் ஏழை வீட்டின் அன்றாடச் சட்டிக்குள் அது அடிக்கடி எட்டிப் பார்த்ததில்லை.

அக்காலத்தில் நேபிள்ஸ் கடைக்காரர்கள் பாஸ்தாவை எடைபோட்டு விற்பார்கள். விற்ற பின் பெட்டியின் அடியில் உடைந்த துண்டுகள் எல்லா வடிவிலும் கலந்து கிடக்கும். அதை மலிவு விலைக்கு ஏழைகள் வாங்கிப் போவார்கள். நம் வீடுகளில் குருணை வாங்கிக் கஞ்சி வைத்தது போலத்தான். அந்த உடைசலைப் பயற்றங்கொட்டையோடு, கொண்டைக்கடலையோடு, உருளைக்கிழங்கோடு ஒரே சட்டியில் போட்டு வேகவைத்தார்கள். தனியாக வேகவைத்து வடிப்பதில்லை. விறகும் மிச்சம், பாத்திரமும் மிச்சம். வடித்துக் கொட்டவேண்டிய கஞ்சித் தண்ணீரும் சட்டிக்குள்ளேயே தங்கியது.

அந்தக் கஞ்சியில்தான் இரகசியம் இருக்கிறது. பாஸ்தா வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்து நீரில் இறங்குகிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அது தொட்டியில் போய்விடும். அளவான தண்ணீரில் வேகவைத்தால் நீர் வற்ற வற்ற மாவுச்சத்து செறிந்து, எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கிறது. குழம்பு திரண்டு, பளபளப்பாக, பாலாடை ஊற்றியது போலக் குழைவாக வரும். பால் செய்யும் வேலையை வடிகஞ்சி செய்துவிடுகிறது.

நேபிள்ஸ்காரர்கள் பயற்றுப் பாஸ்தாவைத் தண்ணீர் போல விடமாட்டார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பதம்வரை வற்றவிட்டு, அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிட்டே பரிமாறுவார்கள். கரண்டி நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்த உடைசல் பாஸ்தாவுக்கு இன்று மவுசு வந்துவிட்டது. பல வடிவங்களை வேண்டுமென்றே கலந்து, அழகான பொட்டலத்தில் கட்டி விற்கிறார்கள்!

மீன் சாறும் ரொட்டித் தூளும்

கிரஞ்ஞானோவுக்குப் பின்னாலுள்ள பால் மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் அமால்ஃபிக் கடற்கரை. அதில் செதாரா என்றொரு சிறு மீனவர் ஊர். அங்கே நெத்திலி இனத்து மீனை உப்போடு அடுக்கடுக்காக மரப்பீப்பாயில் அமுக்கி, மேலே கனத்தை வைத்து மாதக் கணக்கில் விடுகிறார்கள். அடியில் துளித்துளியாக இறங்கும் செந்நிறச் சாறுக்குக் ‘கொலத்தூரா’ என்று பெயர். 2020-இல் அதற்கும் ஐரோப்பியக் காப்பு கிடைத்தது. வெந்த ஸ்பெகெட்டியில் அதை ஒரு கரண்டி விட்டு, எண்ணெய், பூண்டு, மிளகாய் சேர்த்துப் புரட்டுவார்கள். அதன்மேல் பாலாடைக்கட்டி தூவுவதில்லை. நம் கிளந்தான் ‘பூடு’ சாறும் நெத்திலியும் உப்பும் சேர்ந்து பிறப்பதுதான். கடலோரத்து மக்கள் எந்த நாட்டவராயினும் ஒரே வழியில்தான் யோசித்திருக்கிறார்கள்.

பாலாடைக்கட்டி தருவது உப்பும் ஆழ்ந்த ருசியும். அதை நெத்திலி தந்துவிடும். மேலே தூவும்போது பல்லில் படும் மொறுமொறுப்புக்கும் தென்னகத்தார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவுகிறார்கள். சிசிலித் தீவிலும் கலாப்ரியாவிலும் இது அன்றாட வழக்கம். ‘ஏழையின் பார்மேசான்’ என்று அதற்கு ஒரு செல்லப் பெயர். இன்று வசதி உள்ளவர்களும் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள்.

அடிபிடித்தாலும் பாராட்டு

நேபிள்ஸிலிருந்து கிழக்கே மலைகளைக் கடந்தால் காலணியின் குதிகால் வரும். அதுதான் புலியா மாநிலம். தலைநகர் பாரி, ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கிறது. பழைய பாரியில் ‘தாழ் வளைவு’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு சந்து உண்டு. வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, ரவை மாவைக் கயிறாகத் திரித்து, கத்தியால் நறுக்கி, கட்டை விரலால் அழுத்திக் குட்டிக் காதுகள் போலச் செய்துகொண்டே பெண்கள் கதை பேசுவதை அங்கே காணலாம். ‘ஒரெக்கியெத்தே’ என்ற அதன் பெயருக்கே சின்னக் காது என்றுதான் பொருள். அதிலும் ரவையும் தண்ணீரும் தவிர வேறில்லை.

அந்நகரில் 1960-களில் ஓர் உணவகத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் பண்டம் ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும்: ‘கொலைகாரன் ஸ்பெகெட்டி’. காரம்தான் அந்தப் பெயருக்குக் காரணம் என்பர். இரும்புச் சட்டியில் எண்ணெய், பூண்டு, மிளகாய், தக்காளி. அதன்மேல் ஸ்பெகெட்டியை வேகவைக்காமல் பச்சையாகவே கிடத்தி, தக்காளி கரைத்த சுடுநீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி வற்றவிடுகிறார்கள். அடி பிடித்துச் சிவந்து, ஓரம் கருகும்வரை விடுகிறார்கள். நம் வீட்டில் சட்டி அடிபிடித்தால் சமைத்தவருக்கு ஏச்சு, பாரியில் பாராட்டு!

பாரியிலிருந்து தெற்கே லெச்சே வரை ரயிலில் போனால் இருபுறமும் ஆலிவ் தோப்புகள். ஆனால் லெச்சேயை நெருங்க நெருங்கக் கண் கலங்கும். ஸைலெல்லா என்னும் பாக்டீரியா அங்கே 2013-இல் கண்டறியப்பட்டது. அது பரவி, பல இலட்சம் மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. பாட்டன் நட்டதைப் பேரன் காய் பறிக்கும் மரங்கள் அவை. மரத்தை நம்பி வாழ்ந்த நம் மக்களுக்கு அந்த வலியை விளக்கத் தேவையில்லை. இப்போது நோய் தாங்கும் வகைகளை நட்டு வருகிறார்கள்.

லெச்சேயின் பழம்பெரும் உணவு ‘சீச்செரி எ திரியா’. கொண்டைக்கடலையும் பட்டைப் பாஸ்தாவும் சேர்ந்தது. பாஸ்தாவில் ஒரு பங்கை எண்ணெயில் பொரித்து மேலே போடுவார்கள். மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளில் வீடுதோறும் இதைக் காணலாம். ‘திரியா’ என்ற சொல் அரபு மொழியின் ‘இத்ரிய்யா’ என்பதிலிருந்து வந்தது. 1154-இல் அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியல் அறிஞர், சிசிலியில் பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் இத்ரிய்யா செய்து கப்பலேற்றி முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் அனுப்பியதை எழுதி வைத்திருக்கிறார். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரவைப் பாஸ்தா கடல் கடந்துவிட்டது!

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். 2013-இல் அமெரிக்காவின் ‘மார்த்தா ஸ்டூவர்ட் லிவிங்’ இதழில் ஒரே சட்டிப் பாஸ்தா ஒன்று வெளியாகி உலகெங்கும் பரவியது. அது அவ்விதழைச் சேர்ந்த ஒருவர் புலியாவில் உண்டு வியந்ததைத் தழுவியது. இன்று ‘புதுமை’ என்று நம்மிடம் வந்து சேர்வது அந்தக் குதிகால் மண்ணின் பழைய சரக்குத்தான்.

நம் அடுப்பில்

சரி, ஊர் சுற்றியது போதும். நால்வருக்கான அளவு இது.

ஸ்பெகெட்டி 350 கிராம், நன்கு பழுத்த தக்காளி 400 கிராம் அல்லது அதே எடையுள்ள டின் தக்காளி ஒன்று, பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், காய்ந்த மிளகாய் 2, தலை கிள்ளிக் கழுவிய காய்ந்த நெத்திலி ஒரு சிறு பிடி, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 லிட்டர், பழைய ரொட்டி 2 துண்டு, திருநீற்றுப்பச்சிலை ஒரு கைப்பிடி. இதைத்தான் மலாய்க்காரர்கள் ‘செலாசே’ என்பார்கள். இத்தாலியர் பயன்படுத்தும் பேசில் இலையும் அந்த இனமே. கிடைக்காவிட்டால் கொத்தமல்லி போதும். ருசி மாறும், ஆனால் கெடாது.

ஸ்பெகெட்டி படுத்தாற்போல் கிடக்கும் அகன்ற சட்டியாகப் பார்த்து எடுங்கள். குவாலியும் நன்றாக இருக்கும். முதலில் ஒரு கரண்டி எண்ணெயில் ரொட்டித் தூளைப் பொன்னிறமாக வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு நெத்திலியை மொறுமொறுப்பாக்கி, பாதியை ரொட்டித் தூளோடு சேர்த்து நொறுக்கிக்கொள்ளுங்கள். மீதி சட்டியிலேயே இருக்கட்டும்.

இனி வெங்காயம், பூண்டு, மிளகாய், தக்காளி, ஸ்பெகெட்டி, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பெருந்தீயில் கொதிக்கவிடுங்கள். கொதி வந்தது முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அடிக்கடி கிளறுங்கள். கிளறக் கிளறத்தான் மாவுச்சத்து இறங்கும். பாஸ்தாவும் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளாது. தீயைக் குறைத்து மூடி வைத்தால் குழைந்து களியாகிவிடும். நீர் முந்திவிட்டால் அரைக் கோப்பை சுடுநீர் சேர்க்கலாம். நெத்திலியில் உப்பு உண்டு, நீரும் வற்றும், ஆகவே உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

குழம்பு திரண்டு பாஸ்தாவைச் சூழ்ந்ததும் அடுப்பை அணைத்து, மீதி எண்ணெயையும் இலையையும் போட்டுப் புரட்டி, இரண்டு நிமிடம் விடுங்கள். தட்டில் போட்டு மேலே ரொட்டித் தூளைத் தூவுங்கள். வெங்காயம் நறுக்குவது முதல் பரிமாறுவது வரை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கழுவ வேண்டியது ஒரே சட்டி. குழந்தைகளுக்கென்றால் மிளகாயைக் கிள்ளாமல் முழுதாகப் போட்டு, பின்னர் எடுத்துவிடுங்கள்.

மரக்கறி உண்ணும் நாளில் லெச்சே வழியைப் பின்பற்றலாம். நெத்திலியை விட்டுவிடுங்கள். வெந்த கொண்டைக்கடலை ஒரு டின் எடுத்து, பாதியை மசித்துச் சேருங்கள். மாவுச்சத்தோடு சேர்ந்து குழைவைக் கொடுக்கும். அதற்குக் குட்டி மக்ரோனி 250 கிராமும் தண்ணீர் முக்கால் லிட்டரும் போதும்.

லேபிளைப் படியுங்கள்

ஒரு முக்கிய எச்சரிக்கை. பால் செரிக்காமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. முன்னது வயிற்றைக் கலக்கும். பின்னது சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் சமைப்பவர் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தே தீரவேண்டும். கடை ரொட்டிகளில் பலவற்றில் பால்மாவு உண்டு. புட்டியில் வரும் பாஸ்தாக் குழம்பு, மார்ஜரின், சூப்புக் கட்டி ஆகியவற்றிலும் இருக்கலாம். மலாய் மொழியில் ‘சுசு’ என்றால் பால், ‘மெந்தேகா’ என்றால் வெண்ணெய், ‘கெஜு’ என்றால் பாலாடைக்கட்டி. ‘வே’, ‘கேசீன்’ என்று போட்டிருந்தால் அதுவும் பாலிலிருந்து எடுத்ததே. பாலில்லாதது என்று பேர் போட்ட காப்பி வெண்மாவு சிலவற்றிலும் கேசீன் சேர்ந்திருக்கும். சந்தேகமானால் ரொட்டித் தூளை விட்டுவிடுங்கள். நொறுக்கிய நெத்திலி தனியாகவே போதும்.

தென்னித்தாலி மக்கள் இதை யாருக்கும் பத்திய உணவாகச் செய்யவில்லை. கையில் இருந்ததை வைத்துச் சமைத்தார்கள். அது அனைவருக்கும் ருசித்தது. பால் ஒத்துக்கொள்ளாத உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியே பரிமாறுங்கள். ‘இது உனக்காகச் செய்தது’ என்றுகூடச் சொல்லவேண்டாம். எல்லாருக்கும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துப் போடுங்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று முதலில் தட்டை நீட்டுவது அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம்.